மஞ்சளும் கறுப்பும் முறுக்கிய கயிறு

கோடியக்கரை
மாசி, வெள்ளிக்கிழமை

அன்பு மகன் யுவனுக்கு, அம்மா சொல்லச் சொல்ல உன் தங்கச்சி தமிழ்நிலா எழுதுவது. மஸ்கட்டில் நீ நோய்நொடி இல்லாமல் இருக்க மாரியம்மனை வேண்டிக்கொள்கிறேன். இங்கே நாங்கள் மூன்று பேரும் இருக்கிறோம், நலம் என்று சொல்ல வாய் வரவில்லை. போனில் பேசலாம் என்றால் அப்பா பகலெல்லாம் வீட்டில்தான் இருக்கிறார், அவர் காதில் விழக்கூடாது. அதனால்தான் லீவு முடிந்து அங்கே திரும்பும் ஜெகபர் அலி அண்ணனிடம் இந்தக் கடிதத்தைக் கொடுத்தனுப்புகிறேன்.

எட்டாம் வகுப்புக்குப் போனதிலிருந்து, இதை எழுதுகிற இவள் அனீஸா டீச்சர் பின்னாலேயே திரிந்தாள், நீயும் நல்லதுதானே என்றாய். கரையில் செத்து ஒதுங்கும் ஆமைகளைப் பிள்ளைகளை விட்டு நாடாவால் அளக்க வைப்பார், வயிற்றைக் கிழித்து என்ன தின்றது என்று காட்டுவார். பொங்கல் கழிந்து ஓர் ஆமை கழுத்தில் வலைத்துண்டு இறுக்கிக் கிடந்தது, அந்த வலைத்துண்டை எடுத்துப் பள்ளிக் கண்காட்சியில் வைத்தார்கள். பார்க்க வந்த வனத்துறை அதிகாரி இது எந்த ஊர் வலையோ என்றாராம். நம் கரையில் வீட்டுக்கு ஒரு நிறக் கயிறு என்பது அவருக்கு என்ன தெரியும். டீச்சருக்கும் தெரியாது. கூட நின்ற பிள்ளைகளுக்கெல்லாம் தெரியும், ஒருத்தரும் மூச்சு விடவில்லை. வீட்டில் சோறு வேண்டும் என்று கேட்கக்கூட வாய் திறக்காத இவள், “எங்க அப்பா வலை சார். மஞ்சளும் கறுப்பும் முறுக்குனா எங்க வீடு” என்றிருக்கிறாள். நன்றாகக் கவனித்திருக்கிறாய் என்று டீச்சர் முதுகில் தட்டினாராம்.

மறுநாளே வனத்துறை ஆட்கள் வந்து, ஆமை வரும் மாதத்தில் கரையோரம் விரிக்கக்கூடாத வலை என்று ஊரார் வலையெல்லாம் அள்ளிப்போனார்கள். ஊர் கூடி, உன் அப்பா பஞ்சநாதன் படகைத் தள்ள யாரும் கை கொடுக்கக்கூடாது என்று முடிவு செய்தது. மணலிலிருந்து படகை ஒற்றை ஆள் இறக்க முடியுமா. விடியலில் அப்பா போய் விளிம்பில் கை வைத்து நிற்கிறார், எல்லாரும் அவரைத் தாண்டித் தங்கள் படகைத் தள்ளிப்போகிறார்கள். உன்னோடு படித்த மருதையன், “பொண்ண வந்து தள்ளச் சொல்லுங்க மாமா, பள்ளிக்கூடத்துல எல்லாம் கத்துக்கிட்டாளே” என்றான். அப்பா அப்படியே இவளைக் கூட்டிப்போய்த் தள்ள வைத்தார். படகு அசையவில்லை, கரையே சிரித்தது. தோள் உரிந்து வந்தாள். நான் எண்ணெய்கூடப் போட்டுவிடவில்லை. இதையும் எழுது என்றேன், எழுதுகிறாள்.

பள்ளிக்கூடத்தை விட்டு நிறுத்திவிட்டோம். இப்போது கருவாட்டுக் கொட்டகைக்குப் போகிறாள். ஆமை வயிறு கிழித்தவளுக்கு மீன் வயிறு எம்மாத்திரம் என்று பெண்கள் கேட்கிறார்களாம், கேட்கட்டும். டீச்சர் வீடு தேடி வந்து அழுதார், நான் உட்காரச் சொல்லவில்லை. அவர் உனக்குப் போன் செய்வார், எடுக்காதே. அவளைத் திரும்பப் படிக்க வை என்று நீயும் சொல்லாதே, சொல்வதானால் அப்பாவைப் படகோடு மணலில் புதைத்துவிட்டுச் சொல். ஊமை மாதிரி இருக்கிறாளே என்று கவலைப்பட்டேன், அப்படியே இருந்திருக்கலாம்.

வஞ்சிரக் கருவாடு அனுப்பியிருக்கிறேன், ஈரம் படாமல் வை. பொட்டலத்தை, இவள் பையில் கிடந்த அந்த ஆமை அளந்த நாடாவால்தான் கட்டினேன், பிரித்ததும் எறிந்துவிடு. வெயிலில் தலையில் துணி போட்டு வேலை செய். அம்மன் உன்னை நூறு வயது வாழ வைக்கட்டும்.

உன் அம்மா
எல்லையம்மாள்

அண்ணா, அம்மா சொன்னதில் ஒரு சொல்லும் விடவில்லை, மாற்றவில்லை. நாடாவை மட்டும் எறியாதீங்க.
நிலா