மெழுகுக் குண்டும் நீலமும்

வாளையாறு
மார்கழி 12, 1974

சௌபாக்கியவதி கமலாத்தாளுக்கு உன் புருஷன் குப்பண்ணன் எழுதுவது. நான் சுகம். வண்டன்மேட்டில் நீயும், மகள் நாச்சம்மாளும், மருமகனும் சுகமாக இருக்க வேண்டும். ஏலக்காட்டுக் குளிர் உனக்கு ஒத்துக்கொள்ளாது, காதைக் கட்டிக்கொள். வரி கோணலாகப் போனால் பேனாவைத் திட்டு.

கடலைக்காட்டில் பன்றி இறங்கிவிட்டது. ஐப்பசியில் நம் பசு வெள்ளச்சியைப் பன்றி என்று நினைத்துச் சுட்டுக் கொன்ற பிறகு, நான் துப்பாக்கியில் ஈயக்குண்டு போடவில்லை. வெறும் கருமருந்தை வெடித்துப் பார்த்தேன். பன்றிகள் காதைக்கூட ஆட்டவில்லை. அப்போதுதான், கொல்லாமல் மேலே பட்டு மிரட்டுகிற குண்டு செய்யலாம் என்று இந்தப் பைத்தியம் பிடித்தது. சிரிக்காதே.

சுண்டைக்காயைத் தேன்மெழுகில் முக்கி, ஆறியதும் இரண்டாகக் கீறிக் காயை எடுத்துவிட்டு, துணிக்குப் போடும் நீலத்தைக் குழைத்து அடைத்து மறுபடி ஒட்டினேன். முதல் குண்டுக்குப் பழக்கதோஷத்தில் முழு மருந்தையும் போட்டு இடித்துவிட்டேன். மெழுகு குழலுக்குள்ளேயே சிதறி, நீலமெல்லாம் புகையோடு வந்து என் மீசையில் இறங்கிற்று. பக்கத்துக் காட்டு அப்புசாமி வேலி ஓரம் நின்று, "ஏனுங்க மாமா, பன்னிக்கு மஞ்சத்தண்ணி ஊத்தறதுக்கு முன்னால நீங்களே குளிச்சுப்போட்டீங்களா?" என்று கேட்டான். போடா வேலையைப் பார்த்துக்கொண்டு என்றேன்.

மருந்தைக் கால்பங்காகக் குறைத்து, நடுவில் வாழைச்சருகு திணித்ததும் குண்டு முழுசாகப் போயிற்று. வேலியில் தொங்கவிட்ட என் பழைய வேட்டியில் உள்ளங்கை அகலத்துக்கு நீலப் பூ. அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன் கமலா. மூடுபனி, அதற்குள் மருந்துப் புகை. பனைமரமெல்லாம் தண்ணீருக்குள் நிற்கிற மாதிரி இருந்தது. கண்ணை மூடினால் நீலப் பன்றிகள் சத்தமில்லாமல் மலையேறிப் போயின. உனக்குக் காட்ட வேண்டும் போல இருந்தது.

நேற்று விடிந்து வெகுநேரமாகியும் பனி விலகவில்லை. காட்டோரம் பன்றி நின்றது. கருத்த உருவம், குனிந்த தலை. சத்தியமே பண்ணியிருப்பேன். சுட்டேன், பட்டது. அது மிரண்டு துள்ளிக்கொண்டு என்னிடமே ஓடி வந்தது. பார்த்தால் சிட்டு. வெள்ளச்சியின் கன்று. விலாவெல்லாம் நீலம். ஈயமாக இருந்திருந்தால்? அது பாட்டுக்கு என் கையை நக்கிக்கொண்டு நின்றது.

வெள்ளச்சியும் அன்றைக்கு இப்படித்தான் தெரிந்தாள். முடிச்சை நீ சரியாகப் போடவில்லை, அதனால்தான் மாடு அவிழ்ந்து வந்தது என்று ஊரெல்லாம் சொன்னேன். உன் அண்ணன் முன்னாலும் சொன்னேன். நீ மகள் வீட்டுக்குப் பஸ் ஏறினாய். கயிறு நடுவில்தான் அறுந்திருந்தது கமலா. அன்றைக்கே பார்த்தேன். எனக்குக் கண் சரியில்லாமல் மூன்று வருஷமாகிறது. சொல்ல ரோஷம்.

துப்பாக்கியை ஸ்டேஷனில் ஒப்படைத்துவிட்டேன். உன் அண்ணனிடமும் போய் உள்ளதைச் சொல்லிவிட்டேன். தை பிறந்ததும் பாலக்காட்டுக் கண் டாக்டரிடம் போக வேண்டும். கூடத் துணை வேண்டும்.

சிட்டுவை இரண்டு தரம் தேய்த்துக் கழுவினேன், நீலம் போகவில்லை. பட்டிப் பொங்கலுக்கு அதை அப்படியே நிறுத்தினால் ஊர் சிரிக்கும். உன் கை பட்டால் போகும்.

மாகாளியம்மன் உன்னை நன்றாக வைக்கட்டும். நீ போட்ட முடிச்சு இன்னும் முளையில் அப்படியே இருக்கிறது. நான் அவிழ்க்கவில்லை.

இப்படிக்கு,
குப்பண்ணன்