புத்தகத்தில் இல்லாத குதிரை

அன்பு மகள் வாலுவுக்கு,

அம்மா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் பேரனும் நன்றாக இருக்க வேண்டும். இங்கே நாங்களும் சுகம் என்று எழுதத்தான் கை போகிறது, ஆனால் இந்த ஒரு கடிதத்தில் பொய் எழுதுவதில்லை என்று முடிவு செய்துவிட்டேன். வீட்டில் இருப்பது ஒரு போன், பேசினால் அப்பா காதில் விழும், மெசேஜ் அனுப்பினால் எடுத்துப் பார்த்துவிடுவார். அதனால் சலவைக்கடையில் சாப்பாட்டு நேரத்தில், ஓட்டல் படுக்கை விரிப்புகளுக்கு நடுவில் உட்கார்ந்து எழுதுகிறேன், கையெழுத்து கோணல்மாணலாகத்தான் இருக்கும்.

ஒரு மாதமாக நீ எப்போது கூப்பிட்டாலும் அப்பா குளிக்கிறார், கடைக்குப் போயிருக்கிறார் என்று சொன்னேனே. போன வாரம் நீகூட, அப்பா என்ன மீனாவே மாறிட்டாரா என்று கேட்டுச் சிரித்தாய், நானும் சிரித்தேன், அவர் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தார். அவருக்குத் தொண்டையில் கட்டி. சளிதான் என்று இருமல் மருந்தைக் குடித்தே நாளைக் கடத்தினார், நானும் நம்பித் தொலைத்தேன். குரல்பெட்டியையே எடுத்தால்தான் ஆள் பிழைப்பார் என்று டாக்டர் சொல்லிவிட்டார். இந்த மாதக் கடைசி வியாழக்கிழமை ஆபரேஷன். இப்போதே குரல் கம்மி வெறும் காற்றாகத்தான் வருகிறது, அதற்குப் பிறகு அதுவும் கிடையாது. பஸ்ஸில் திரும்பி வரும்போது அவர் சொன்னது ஒன்றே ஒன்றுதான், வாலுகிட்ட சொல்லாத, அங்க உக்காந்து அழுவா.

இதற்கு நடுவில்தான் நீ அந்தப் புத்தக விஷயத்தைக் கிளப்பினாய். சின்ன வயதில் அப்பா எனக்கு வாசித்த மூழ்கிய கோட்டைக் கதையை ஏழு பாகமும் புதிதாக வாங்கிப் பேரனுக்கு வாசிக்கிறேன், மூன்றாம் பாகம் முடியப்போகிறது, நொண்டிக் குதிரையைக் காணோம், புது அச்சில் வெட்டிவிட்டார்கள் போலிருக்கிறது, பழைய புத்தகத்தைப் பாரேன் என்றாய். நானும் பரணிலிருந்து இறக்கி, தும்மிக்கொண்டே ஏழையும் புரட்டினேன். எதிலும் குதிரை இல்லையடி. அவரிடம் கேட்டால் திருடன் மாதிரி முழித்தார். அப்புறம் காற்றுக் குரலில், மொதல் பாகத்துல ராஜகுமாரி வீட்டாளுங்க எல்லாரும் கடல்ல மூழ்கிப் போயிடறாங்கல்ல, வாலு ஓன்னு அழுதா, அதான் ஒரு குதிரைய உள்ள விட்டேன், அப்புறம் அத வெளிய அனுப்ப முடியல என்றார்.

எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. நாள் முழுக்க லிப்ட் கூண்டுக்குள் ஸ்பேனரோடு மல்லுக்கட்டிவிட்டு வந்து, என்னோடு நாலு வார்த்தை பேசாத மனுஷன், உனக்கு மட்டும் கதை வாசிக்கும்போது, என் முட்டி போச்சே, இன்னும் எவ்ளோ தூரம்னு யாராவது சொல்லித் தொலைங்களேன் என்று குதிரையாகப் புலம்புவாரே, அதெல்லாம் புத்தகம் என்றுதான் நானும் இத்தனை வருஷம் நினைத்துக்கொண்டிருந்தேன். அந்தக் குதிரைப் பேச்சை எழுதியாவது வையுங்கள் என்று நோட்டு வாங்கிக் கொடுத்தேன். இரண்டு நாளில் நாலு வரி எழுதினார், கிழித்துப் போட்டார். வாயைத் திறந்தால்தான் அது வருமாம். போனில் பதிவு செய்தோம். திரும்பப் போட்டுக் கேட்டார், அழித்தார், போனைக் கவிழ்த்து வைத்தார். அன்றிலிருந்து என்னிடமும் துண்டுச் சீட்டுதான். உப்பு கம்மி என்பதைக்கூட எழுதித்தான் காட்டுகிறார். இனி நான் யாரோடு சண்டை போடுவேன் சொல்லு. ஆபரேஷன் நல்லபடியாக முடியும் என்று எல்லாரும் சொல்கிறார்கள், எனக்கு எந்த நம்பிக்கையும் வரவில்லை, பயமாக இருக்கிறது, வீட்டுக்குள் நுழையவே பிடிக்கவில்லை.

புது வேலையில் சேர்ந்து ஆறு மாதத்துக்கு லீவே கேட்கக்கூடாது என்றாய், அதனால் வா என்று கூப்பிடவில்லை. வேளைக்குச் சாப்பிடு, குழந்தையைத் தூக்கிக்கொண்டே சமைக்காதே. இந்தக் கடிதம் கைக்கு வந்ததும், அந்த வியாழனுக்கு முன்னால், ஒரு சாயங்காலம் கூப்பிடு. நான் போனை அவர் கையில் கொடுத்துவிட்டு வெளியே போய்விடுகிறேன். கடிதம் வந்ததைச் சொல்லாதே. பேரனுக்குக் குதிரை வேண்டுமாம், நாலு வரி போதும் என்று கேள். நான் கேட்டால் தலையாட்டி மறுக்கிறார், நீ கேட்டு மாட்டேன் என்றது கிடையாது, இப்போது என்ன செய்வாரோ தெரியவில்லை.

மூன்று பேரும் நோய்நொடி இல்லாமல் நீண்ட நாள் நன்றாக இருங்கள். ஒன்று மட்டும் மறக்காதே. போனில் வரும் குரல் உனக்கு அடையாளம் தெரியாது. யார் பேசுறது என்று மட்டும் கேட்டுவிடாதே.

உன் அம்மா