விதிகள் பதிவில் உன் பெயர்

இன்று காலை லாட்ஜில் அறைச் சாவிகளை மாட்டிக்கொண்டிருந்தபோது போன் அதிர்ந்தது. எடுத்துப் பார்த்தால் நீ. உன் படத்துக்குக் கறுப்புக் கட்டம் கட்டி, பக்கத்தில் ஒரு மெழுகுவத்தி ஒட்டி, "நம் புகைப்படக் குடும்பத்தின் அன்புச் சகோதரி மறைந்தார்" என்று நம் முகநூல் குழுவின் அட்மின் போட்டிருந்தார். நீ போய் ஒரு மழைக்காலமே முடிந்துவிட்டது. அவர்களுக்கு இப்போதுதான் செய்தி எட்டியிருக்கிறது. கீழே வரிசையாகக் கும்பிடும் கைகள். "என்ன ஒரு பார்வை அந்த அக்காவுக்கு" என்று ஒருவன் உருகியிருந்தான்.

எனக்கு அழுகை வரவில்லை. பக்கத்தின் உச்சிக்குப் போனேன். புதிதாகச் சேருகிறவர்கள் முதலில் படிக்க வேண்டும் என்று ஒரு விதிகள் பதிவை நிரந்தரமாக அங்கே நிறுத்தி வைத்திருக்கிறார்களே, அது அப்படியே இருந்தது. 'பறவைக் கூடுகளின் இடத்தை வெளியிடாதீர்கள்' என்ற வரிக்குக் கீழே உன் பழைய பதிவைப் படம் பிடித்து ஒட்டியிருக்கிறார்கள். உன் பெயர், உன் முகம், குறுக்கே ஒரு சிவப்புக் கோடு. 'இவரைப் போன்ற பொறுப்பற்றவர்களால் ஒரு கூடு அழிந்தது.' மேலே பொறுப்பற்றவர், கீழே அன்புச் சகோதரி. இரண்டையும் ஒரே பக்கத்தில் வைக்க அந்த ஆளுக்குக் கூச்சமாக இல்லை.

நாம் அந்தக் குழுவில் சேர்ந்தது உன் அண்ணன் வெளிநாட்டிலிருந்து அந்தப் பழைய கேமராவைக் கொண்டுவந்து கொடுத்த வருஷம். வரவேற்பு மேசையில் நீ காலை ஷிப்ட், நான் மதியம். கைமாறும் நேரத்தில் இரண்டு பேரும் ஒரே போனில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு குழுவைப் படிப்போம். சேர்ந்தவுடன் படம் போடாதே, கொஞ்ச நாள் மற்றவர்கள் பேசுவதைப் பார் என்றது விதி. நீ சேர்ந்த அன்றைக்கே "வணக்கமுங்க, நான் ஏற்காடு வாழவந்திங்க" என்று எழுதி, வீட்டுக் கோழி, சர்ச் கோபுரம், சேலம் அத்தையின் கல்யாணப் பட்டு எல்லாவற்றையும் அள்ளிக் கொட்டினாய். 'நன்று' என்று போட்ட ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக நன்றி சொன்னாய். பக்கம் முழுக்க உன் நன்றிதான். அட்மின் கடுகடுத்து எழுதியதும் அவருக்கும் ஒரு நன்றி சொன்னாய்! நான் சிரித்துச் சிரித்து, அறை கேட்டு வந்தவர்களுக்குப் பதில் சொல்ல முடியாமல் நின்றேன்.

ஆனால் கற்றுக்கொண்டது நீதான். படத்தைக் குறை சொல்லலாம், எடுத்தவரைச் சொல்லக் கூடாது என்ற விதி உனக்கு ரொம்பப் பிடித்திருந்தது. யாராவது குறை சொன்னால் எனக்குத்தான் ரோஷம் வரும். "படத்துல தலைய வெட்டிப்புட்டேன்னு சொல்றாரு. வெட்டித்தான புள்ள இருக்குது" என்று நீ மறுபடியும் கேமராவைத் தூக்கிக்கொண்டு போவாய். அடுத்தவர் படத்தைப் பற்றி எழுதும்போது முதலில் நல்லதாக ஒன்றைத் தேடிச் சொல்லிவிட்டுத்தான் குறைக்கு வருவாய். அந்தக் குழுவில் அத்தனை பேரில் அந்த மரியாதை உன் ஒருத்திக்குத்தான் இருந்தது.

பிறகு அந்த வால்குருவி வந்தது. உன் வீட்டுக்குப் பின்னால், காப்பிச் செடிகளுக்கு நடுவே நிற்கும் ஆரஞ்சு மரத்தில் கூடு. வெள்ளை ஆண் குருவி உட்கார்ந்திருக்க, நீள வால் வெளியே தொங்குகிறது. இலை மறைவில் பாதிதான் தெரிந்தது, ஆனாலும் நீ எடுத்ததிலேயே நல்ல படம் அதுதான். ஒருவர் கீழே வந்து, எங்கே எடுத்தீர்கள் என்று கேட்டார். நம் மலையில் வழி கேட்டவருக்குச் சொல்லாமல் போகிறவர் உண்டா? நீ எழுதினாய்: "ஏற்காடு ஒண்டிக்கடையில வாழவந்தி பஸ் ஏறுங்க. மாதா செல இருக்கற கெபிகிட்ட எறங்கி, மண் ரோட்டுல வந்தா ஓட்டு ஊடு எங்களுதுங்க. பின்னால ஆரஞ்சு மரம். நாயக் கட்டித்தான் வெச்சிருக்கறோம், பயப்படாம வாங்க."

அதைப் பார்த்துத்தான் அவன் வந்தான். குழுவில் எல்லோரும் சார் சார் என்று தாங்குகிற மூத்த உறுப்பினன். கை நீளத்துக்கு லென்ஸ். அவன் பெயரை இங்கே எழுதி இந்த மடலைக் கெடுக்க எனக்கு மனமில்லை. நீ கோழி அடித்துக் குழம்பு வைத்தாய். சாப்பிட்டுக் கை கழுவியதும், "வழியில உண்ணிச்செடி முள்ளு கிழிக்குதும்மா, கத்திரி ஏதாச்சும் இருக்குமா?" என்றான். காப்பிச் செடி கவாத்துப் பண்ணும் கத்திரியை நீயே எடுத்துக் கொடுத்தாய்.

அவன் போன பிறகு மரத்தடியில் இலையும் குச்சியுமாகக் கிடந்தது. கூட்டைச் சுற்றி ஒரு மறைப்பும் இல்லை. குஞ்சுகள் வெயிலில் வாயைத் திறந்தபடி துவண்டு கிடந்தன. மறுநாள் காக்காய் அவற்றையும் விடவில்லை. அன்றைக்கு நீ வேலைக்கு வரவே இல்லை.

அவன் படத்தைப் போட்டான். ஆகா ஓகோ என்றார்கள். ஒரே ஒரு பெண்தான், கூட்டைச் சுற்றி இலையே இல்லையே சார், வெட்டினீர்களா என்று கேட்டாள். அவன் கூசாமல் பதில் எழுதினான்: "நான் போகும்போதே அப்படித்தான் இருந்தது. இந்த அம்மா இடத்தை ஊருக்கே சொல்லிவிட்டார். யார் யார் வந்து போனார்களோ." அவ்வளவுதான். அட்மினுக்கு ஓர் உதாரணம் கிடைத்தது. எடுத்தவரைக் குறை சொல்லக் கூடாது என்று விதி போட்ட அதே ஆள், விதிகள் பதிவிலேயே உன் முகத்தை ஒட்டினார்.

நீ என்ன எழுதினாய்? "தப்பு என்னுதுதானுங்க. மன்னிச்சுக்குங்க." அந்த மன்னிப்பை என்னால் இன்றுவரை செரிக்க முடியவில்லை. மேசைக்கு அந்தப் பக்கம் விருந்தாளிகள் நிற்பதையும் மறந்து உன்னிடம் கத்தினேன்: "கத்திரி வாங்குனது அந்தாளுதான? அத எழுது புள்ள!"

"நம்ம ஊட்டுல ஒக்காந்து சோறு தின்ன மனுசனப் போயி நாலு பேரு முன்னால காட்டிக் குடுக்கச் சொல்றியா? கத்திரிய எடுத்துக் குடுத்தது நானு. நீயும் வாயத் தொறக்காத. எனக்குத்தான் கேவலம்."

உன் மரியாதையை நினைத்தால் எனக்கு உன் மீதும் கோபம்தான். சாப்பிட்டவனுக்கு இல்லாத நன்றி, சாப்பாடு போட்டவளுக்கு எதற்கு? அதன் பிறகு நீ கேமராவைத் தொடவில்லை. உன் சின்ன மகள்தான் அதை எடுத்துக்கொண்டு திரிந்தாள்.

சேலம் ஆஸ்பத்திரியில், குரல் தேய்ந்துபோன பிறகு, ஒருநாள் நீயாகக் கேட்டாய். "அந்த குரூப்புல எம்பேரு இன்னும் கெடக்குதா?" கிடக்கிறது என்றேன். "சின்னவ கேமராவும் கையுமா இருக்கறா. நாளைக்கி அதுல சேந்தாள்னா, மொதல்ல அதத்தான படிப்பா?" சொல்லிவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாய். அன்றே அட்மினின் உள்பெட்டியில், உன் பெயரை மட்டுமாவது எடுத்துவிடச் சொல்லிக் கெஞ்சி எழுதினேன். படித்துவிட்டதற்கான அடையாளம் விழுந்தது. பதில் வரவில்லை. நீ போய்விட்டாய்.

இன்று காலை அவருக்கே போன் போட்டேன். "ஏனுங்க, அஞ்சலி போட்டிருக்கறீங்க. மேல கெடக்கறத மொதல்ல எடுங்க."

"அது ஒரு உதாரணத்துக்குப் போட்டதும்மா. பழைய விஷயம். துக்கத்துல வந்து அதப் பேசறது நாகரிகமா இருக்காது."

நாகரிகமாம்! படுக்கை விரிப்பில் சேற்றுக் காலைத் துடைத்துவிட்டு, போகும்போது தேங்க்யூ சொல்கிறவர்களை இந்த மேசையில் எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். இந்த ஆள் அவர்களையும் மிஞ்சிவிட்டார். போனை வைத்துவிட்டு உன் வீட்டுக்காரரைக் கூப்பிட்டேன். நடந்ததை எழுதட்டுமா அண்ணா, அவள் எழுத வேண்டாம் என்று தடுத்தாளே என்றேன்.

"அவனுக்குச் சோறு போட்டது அவ. வாயக் கட்டிக்கிட்டு இருக்க வேண்டியது அவதானம்மா. உனக்கென்ன?" என்றார்.

எழுதினேன். அஞ்சலிக்குக் கீழேயே, அந்தக் கும்பிடும் கைகளுக்கு நடுவில். அவன் பெயர், கோழிக் குழம்பு, கத்திரி, தரையில் கிடந்த இலை எல்லாம். அன்று கேள்வி கேட்ட அந்தப் பெண், எனக்கு அப்போதே தெரியும் அக்கா என்று எழுதினாள். இன்னும் சிலர் பேச ஆரம்பித்தார்கள். மதியத்துக்குள் எல்லாவற்றையும் அழித்துவிட்டார்கள். இனி நான் அங்கே படிக்கலாம், எழுத முடியாது.

விதிகள் பதிவையும் மாற்றிவிட்டார்கள். உன் படம் இல்லை, சிவப்புக் கோடும் இல்லை. 'மூத்த உறுப்பினர்களைப் பொதுவெளியில் தாக்காதீர்கள்' என்று புதிதாக ஒரு வரி சேர்த்து, அதற்கு உதாரணமாக என் பதிவை என் பெயரோடு ஒட்டியிருக்கிறார்கள். கத்திரியைப் பற்றி எழுதியதை அழிக்க மறந்து அப்படியே ஒட்டிவிட்டார்கள், முட்டாள்கள். உன் சின்னவள் நாளைக்குச் சேர்ந்தால் அதைத்தான் முதலில் படிப்பாள்.

நீ இருந்திருந்தால் சாயங்காலம் பஸ் பிடித்து வந்து என்னைக் கிழித்திருப்பாய். ஊட்டுக்கு வந்த மனுசனை இப்படிப் பண்ணிப்புட்டியே என்று ஒரு வாரம் என்னோடு பேசியிருக்க மாட்டாய். திட்டு வாங்க நான் தயாராகத்தான் உட்கார்ந்திருக்கிறேன். திட்ட நீ இல்லையே, அதுதான் எனக்கு எல்லாவற்றையும்விடப் பெரிய கோபம்.