கருகல் வாடை உனக்கும் வருகிறதா?

என்னை மதினி என்று கூப்பிட்டவளுக்கு,

இன்று காலை அந்த வாடை மறுபடி வந்தது. ரப்பரும் வயரும் சேர்ந்து கருகுகிற அதே வாடை. வந்ததும் வாய் தானாகத் திறந்து, "புள்ள, ஒனக்கு வாடை வருதா?" என்று கேட்டுவிட்டேன். பக்கத்தில் யாரும் இல்லை. எந்த இடத்தில் நின்றுகொண்டு கேட்டேன் என்பதைக் கடைசியில் சொல்கிறேன். முதலிலேயே சொன்னால் நீ சிரித்துக் கெடுத்துவிடுவாய்.

என் மண்டையைத் திறந்து கட்டியை எடுத்த டாக்டர், கட்டி முழுசாகப் போய்விட்டது என்று சொன்னார். உண்மைதான், போய்விட்டது. போகும்போது எதையெதையெல்லாம் கூடவே இழுத்துக்கொண்டு போனது என்பதைத்தான் யாராலும் சொல்ல முடியவில்லை. ஒரு நாள் நானே ஊசியில் நூல் கோர்ப்பேன். மறுநாள் வலது கையிலிருந்த தேத்தண்ணிக் கோப்பை எப்போது விழுந்தது என்றே தெரியாது. ஒரு நாள் சின்ன வயதுக் கதையெல்லாம் வரிசையாக வாயில் வரும். மறுநாள் உப்பைக் கையில் வைத்துக்கொண்டு, அதற்குப் பெயர் தெரியாமல் அடுப்படியில் நிற்பேன். இவையெல்லாம் போதாதென்று அந்த வாடை. அது வந்தால் பின்னாலேயே வலிப்பு வரும். சில தடவை வராமலும் போகும். எது வரும், எது வராது என்று சொல்ல முடியாததுதான் என்னுடைய நோய்.

கண்டி கிளினிக்கில் நர்ஸ் ஒவ்வொரு முறையும் "ஹெமின் ஹெமின்" என்பார். உனக்கு என்னைவிடச் சிங்களம் நன்றாக வரும். திரும்பி வரும் பஸ்ஸில் நீ அதை எனக்கு விளக்கினாய்.

"மெதுவா மெதுவான்னு சொல்றாங்க மதினி. அவங்களுக்கே தெரியலன்னா அப்பிடித்தான் சொல்லுவாங்க."

உன் வாய் அப்படி. உன் அண்ணன் கொழும்பில் கடையில் நின்றுகொண்டு, போனில் "இன்னிக்கி நல்லா இருக்கதானே?" என்று கேட்பார். நல்லா இருக்கேன் என்ற பதிலைத் தவிர வேறொன்றும் அவருக்கு வேண்டாம். நீ அப்படிக் கேட்கவில்லை. தேயிலைக் கொழுந்துக்குப் போக இடுப்பில் படங்குச் சாக்கைக் கட்டிக்கொண்டே, காலையில் என் பாயை உன் காலால் தட்டுவாய்.

"எந்திரிங்க மதினி. இன்னிக்கி முழுப்பேரா, அரப்பேரா?"

பறித்த கொழுந்து நிறுவையில் குறைந்தால் கணக்கப்பிள்ளை அரைநாள் சம்பளம், அரைப்பேர்தானே போடுவார். அதே வழக்கை நீ என் மண்டைக்கும் கொண்டுவந்தாய். கை, கால், பேச்சு எல்லாம் ஒழுங்காக இருந்தால் முழுப்பேர். ஏதாவது ஒன்று மக்கர் பண்ணினால் அரைப்பேர். எழுந்திருக்கவே முடியாவிட்டால் பேரே இல்லை. நான் பொய் சொன்னால் உனக்குத் தெரிந்துவிடும். முழுப்பேர் என்று சொல்லிவிட்டுச் சுவரைப் பிடித்து எழுந்தால், "அந்தச் செவருக்குத்தான் முழுப்பேரு" என்று சொல்லிவிட்டு, என்னை உட்காரவைத்துப் போவாய். அரைப்பேர் நாளில் ரொட்டிக்கு மாவு பிசையச் சொல்லமாட்டாய். முழுப்பேர் நாளில் விறகு உடைக்கவும் சொல்லுவாய். இரக்கம் என்பதை மருந்துக்குக்கூட உன்னிடம் பார்த்ததில்லை.

லயத்து வரிசை வீடுகளில் மற்றவர்களிடம் இரக்கம் இருந்தது. அது சீக்கிரம் தீர்ந்தும் போனது. கட்டி என்று தெரிந்தபோது எல்லாரும் அழுதார்கள். ஆஸ்பத்திரியிலிருந்து வந்தபோது பிஸ்கட்டும் பழமுமாக வந்து பார்த்தார்கள். அப்புறம், "நேத்து நல்லாத்தானே இருந்தா" என்று தொடங்கினார்கள். இந்த ஒரு வாக்கியத்தை நான் எத்தனை வாயிலிருந்து கேட்டிருக்கிறேன். ஒரேயடியாகப் படுத்துக் கிடந்தால் பாவம் என்பார்கள். ஒரேயடியாக எழுந்துவிட்டால் சந்தோஷப்படுவார்கள். இன்றைக்கு எழுந்து நாளைக்கு விழுகிறவளை என்ன செய்வது என்று அவர்களுக்குத் தெரியவில்லை. அதனால் நடிக்கிறாள் என்று முடிவுகட்டினார்கள்.

பிள்ளைமடுவத்துக்கு நான் திரும்பிப் போன நாள் உனக்கு ஞாபகம் இருக்கும். கொழுந்தெடுக்கிற தாய்மாரின் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிற அந்த வேலையில்தான், கட்டி வருவதற்கு முன்பு, நான் ஒரு ஆளாக இருந்தேன். அன்றைக்கு எனக்கு நல்ல நாள். தலை சீவி, பொட்டு வைத்து, உன்னையும் கூட்டிக்கொண்டு போய், மறுபடி வேலைக்கு வரட்டுமா என்று கேட்டேன். வாசலில் நின்ற ஒரு தாய் தன் பிள்ளையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு பின்னால் நகர்ந்தாள். நீ அவளைத் திட்டுவாய் என்று நினைத்தேன். நீ அங்கிருந்த தண்ணீர்ச் செம்பை நிறைத்து என் வலது கையில் கொடுத்தாய்.

"கொஞ்ச நேரம் புடிச்சிருங்க பாப்போம்."

செம்பு விழுந்து உருண்டது. பிள்ளைகள் சிரித்தன.

"நானா இருந்தாலும் ஒங்ககிட்ட புள்ளயக் குடுக்க மாட்டேன் மதினி. வாங்க போவோம்."

அதற்குப் பிறகு சில நாள் உன்னோடு பேசவில்லை. உன்னை அடியோடு வெறுத்தேன். ஆனால் அந்த நாள்களிலும் வாடை வந்தால் உன்னைத்தான் கேட்டேன். வேறு யாரைக் கேட்பது? மற்றவர்கள் தலையைத் தூக்காமலே "இல்லையே" என்பார்கள். நீ மட்டும்தான் மோந்து பார்த்துவிட்டுப் பதில் சொல்லுவாய். கையிலிருப்பதைக் கீழே வைத்துவிட்டு வாசலுக்குப் போவாய். அங்கிருந்து கரண்ட் போர்டுக்குப் போவாய். கடைசியாக அடுப்பிடம் குனிவாய். ஒவ்வொரு இடத்திலும் மூச்சை நன்றாக இழுத்துப் பார்ப்பாய்.

"ஒண்ணுமில்ல. ஒங்க மண்டதான். படுங்க."

அந்தச் சொல்லில் எனக்குப் பெரிய நிம்மதி இருந்தது. வருகிறது வலிப்பு என்று தெரிந்தால் போதும், விழுவதற்கு முன்பு படுத்துக்கொள்ளலாம். என்னை ஒருக்களித்துப் படுக்கவைப்பாய். பக்கத்து வீட்டுக்காரர்கள் இரும்புச் சாவியைக் கையில் திணிக்க ஓடி வந்தால் வாசலிலேயே மறித்து, "பூட்டு எங்க இருக்கு, தொறக்கப் போறீங்களா?" என்று கேட்டுத் திருப்பி அனுப்புவாய். என் மூளையை நம்புவதை நான் எப்போதோ விட்டுவிட்டேன். உன் மூக்கை நம்பினேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் நான் முழுப்பேர் என்று சொன்னேன். அது உண்மை. பேச்சு தடங்கலில்லாமல் வந்தது. கை சொன்னபடி கேட்டது. வட்டவளைப் பக்கத்து மழையைப் பற்றி உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. அந்த வாரம் முழுக்க அதில் நனைந்து கொழுந்தெடுத்து, உனக்குக் கடுமையான தடிமன். மூக்கடைத்துக் குரல் மாறி, ஆம்பளைக் குரலில் என்னைக் கேலி பண்ணிக்கொண்டிருந்தாய். மத்தியானச் சோற்றுக்குப் பிறகு வாடை வந்தது. நான் கேட்டேன். நீ எழுந்து வாசலுக்குப் போனாய், போர்டுக்குப் போனாய், அடுப்புக்குப் போனாய்.

"ஒண்ணுமில்ல மதினி. ஒங்க மண்டதான். படுங்க."

மூக்கடைத்தவளிடம் வாடை கேட்கிறோமே என்று எனக்குத் தோன்றவில்லை. உனக்கும் தோன்றவில்லை. கேட்பது எனக்கும் மோந்து பார்ப்பது உனக்கும் அவ்வளவு பழகிப்போயிருந்தது. நான் படுத்தேன். நீ பக்கத்தில் உட்கார்ந்து என் தோளைப் பிடித்துக்கொண்டாய். வலிப்புக்காகக் காத்திருந்தேன். அது வரவில்லை. வாடை மட்டும் ஏறிக்கொண்டே போனது.

"கூடுது புள்ள."

"கூடத்தான் செய்யும். கண்ண மூடிக்கிருங்க."

நான் கண்ணை மூடிக்கொண்டேன். லயத்துக்கு மேலே ஒரே கூரை. கடைக்கோடி வீட்டு வயரில் பற்றிய நெருப்பு, அந்தக் கூரைக்கு அடியிலேயே ஒவ்வொரு வீடாக ஓடி வந்துகொண்டிருந்தது. வெளியே கத்தல் கேட்டுக் கண்ணைத் திறந்தபோது, நம் வீட்டுத் தகரத்துக்குக் கீழே புகை சுருண்டு நின்றது. நீ என் இரண்டு அக்குளிலும் கைகொடுத்து இழுத்துக்கொண்டு போய், மழையில், தண்ணீர் ஓடும் கான் ஓரத்தில் உட்காரவைத்தாய். எனக்கு நடக்க முடியும் என்று சொன்னேன். உனக்குக் காதில் விழவில்லை. நிமிர்ந்து வீட்டைப் பார்த்தாய்.

"மாத்திர உள்ள கெடக்கு. இருங்க மதினி, வர்றேன்."

மாத்திரை நின்றால் எனக்கு வலிப்பு ஒன்றன்மேல் ஒன்றாக வரும் என்று கிளினிக்கில் சொன்னதை நீ மறக்கவில்லை. அடுத்த கிளினிக்குக்கு நாள் கிடந்தது. நான் வேண்டாம் என்று கத்தினேன். அன்றைக்கு எனக்கு நன்றாகக் கத்த வந்தது. நீ உள்ளே போனாய். கூரை இறங்கியது.

கெட்ட நாள்களிடம் ஒரு நல்ல குணம் உண்டு. போகும்போது தங்களையும் துடைத்துக்கொண்டு போய்விடும். என் கல்யாணத்தில் பாதி எனக்கு ஞாபகம் இல்லை. அம்மாவின் முகம் சில நாள் வரும், சில நாள் வராது. அந்த ஞாயிறும் அப்படி ஒரு நாளாவது வராமல் போகும் என்று காத்திருந்து பார்த்தேன். அது மட்டும் அசையவே இல்லை. அன்றைக்கு எனக்கு வலிப்பு வரவில்லை, கை நடுங்கவில்லை, ஒரு சொல்கூடத் தொலையவில்லை. எல்லாவற்றையும் முழு ஆளாக உட்கார்ந்து பார்த்தேன். மற்ற எல்லாவற்றையும் எடுத்துக்கொண்ட இந்த மண்டை அதைப் பத்திரமாக வைத்திருக்கிறது. இதைவிட என்னை எப்படிப் பழிவாங்க முடியும் என்று தெரியவில்லை.

உன் செத்த வீட்டில், எனக்குக் கேட்கும்படியே ஒருத்தி சொன்னாள்.

"ஓடியாடித் திரிஞ்சவ போயிட்டா. இது கெடக்குது."

அவளோடு எனக்குக் கோபமில்லை. நானும் அதையேதான் நினைத்துக்கொண்டிருந்தேன். இன்னொருத்தி பக்கத்தில் வந்து உட்கார்ந்து, என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டாள்.

"ஒனக்கு முன்னாடியே வாடை வந்துச்சாமே? எங்களக் கூப்புட்டுச் சொல்லியிருக்கலாமே."

வருஷக்கணக்காக என் வாடையைச் சொல்லிச் சிரித்தவள் அவள். அவளுக்குப் பதில் சொல்ல நீ தேவைப்பட்டாய். நீ பெட்டிக்குள் இருந்தாய்.

இப்போது எங்களையெல்லாம் விளையாட்டுத் திடலுக்குப் பக்கத்தில் தகரக் கொட்டகைகளில் வைத்திருக்கிறார்கள். வந்த புதிதில் ஒரு நாள் எனக்கு வாடை வந்தது. பழக்கத்தில், வாடை வருதா என்று சத்தமாகக் கேட்டுவிட்டேன். அவ்வளவுதான், கைப்பிள்ளைகளையும் சட்டிபானைகளையும் தூக்கிக்கொண்டு எல்லாரும் மழையில் ஓடினார்கள். நெருப்பு எங்கும் இல்லை. நனைந்த பிள்ளைகளுக்குக் காய்ச்சல் வந்தது. அடுத்த கொட்டகைக்காரர் வந்து தகரத்தில் ஓங்கித் தட்டி, "இன்னொரு தடவ வாயத் தொறந்த, ஒன்னத் தூக்கி ரோட்டுல போட்டுருவோம்" என்றார். அவருடைய பிள்ளைக்குத்தான் காய்ச்சல் அதிகம். அதன் பிறகு நான் யாரையும் கேட்பதில்லை. வாடை வந்தால் தகரத்தையெல்லாம் இடது கையால் தொட்டுத் தொட்டுச் சூடு பார்ப்பேன். சில தடவை பார்த்து முடிப்பதற்குள் விழுந்துவிடுவேன்.

சரி, காலையில் நின்ற இடத்தைச் சொல்கிறேன். கொட்டகைக்குப் பின்னால் எல்லாருக்கும் பொதுவாக ஒரு கக்கூஸ். மழைக்குக் குழி நிறைந்து, கிட்டப் போக முடியாத நாற்றம். எல்லாரும் மூக்கைப் பொத்திக்கொண்டுதான் போவோம். இன்று நானும் மூக்கை விரல்களால் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, வாயால் மூச்சுவிட்டபடி போய் நின்றேன். அப்போதுதான் அந்த வாடை வந்தது. உன்னைக் கேட்டதும் அங்கேதான். இப்போது சிரித்துக்கொள்.

சிரித்து முடித்ததும் யோசித்துப் பார். மூக்கு அடைத்திருக்கிறது. வாடை எந்த வழியாக வந்தது? விரலை எடுத்தேன், கக்கூஸ் நாற்றம். மறுபடி பொத்தினேன். நாற்றம் போய்விட்டது, கருகல் மட்டும் அப்படியே நின்றது. வெளியிலிருந்து வருவது மூக்கைப் பொத்தினால் போய்விடுகிறது. என் மண்டையிலிருந்து வருவது போகாது. இதுதான் விஷயம். அதற்குள் கால் இழுத்தது. படியில் உட்கார்ந்து ஒருக்களித்துச் சாய்ந்தேன். கண் விழித்தபோது யாரோ என் கையில் சாவிக்கொத்தைத் திணித்துவிட்டுப் போயிருந்தார்கள்.

இரண்டு விரல் போதுமாக இருந்திருக்கிறது, புள்ள. அந்த ஞாயிற்றுக்கிழமை நான் என் மூக்கை நானே பொத்தியிருந்தால் வாடை நின்றிருக்கும். நெருப்பு வெளியே இருக்கிறது என்று எனக்கே தெரிந்திருக்கும். நீயும் நானும் மாத்திரையை எடுத்துக்கொண்டு, நடந்தே வெளியே போயிருப்போம். கிளினிக்கில் யாரும் இதைச் சொல்லவில்லை. இத்தனை காலம் ஒரே வீட்டில் இருந்து, எல்லாவற்றுக்கும் வாயடித்த நமக்கும் தோன்றவில்லை. அழுகை வரவில்லை. யார் மேல் என்று தெரியாத ஆத்திரம்தான் வருகிறது. சாவிக்கொத்தைத் தூக்கி அந்தக் குழியில் எறிந்துவிட்டேன். யாருடைய சாவியோ, தேடிக்கொண்டிருக்கிறார்கள்.

இன்றைக்கு எனக்கு அரைப்பேர்தான். எழுத்து கோணிக்கொண்டு போவது அதனால்.

இனிமேல் யாரையும் கேட்கத் தேவையில்லை. யாரும் என்னைத் திட்டவும் தேவையில்லை. ஆனாலும் வாடை வந்தால் முதலில் உன்னைத்தான் கேட்பேன். நீ வாசலுக்குப் போய், போர்டுக்குப் போய், அடுப்பிடம் குனிந்து மோந்து பார்த்துவிட்டு வருகிற வரைக்கும் காத்திருப்பேன். அப்புறம்தான் மூக்கைப் பொத்துவேன்.

உன் மதினி