பெரணிப் புத்தகத்துக்கு நாற்பது தாள்

மார்ச் 4
பெரணிப் புத்தகத்தின் முதல் மாதிரி முடிந்தது. மூடினால் உள்ளங்கை அளவு. பிரித்தால் இளம் பெரணியிலை போல மேஜை நீளத்துக்கு விரிந்து, விட்டதும் தானாகச் சுருள வேண்டும். விரித்து விட்டு எண்ணினேன். முப்பத்தெட்டாவது தடவை நடு மடிப்பு வெடித்தது. நூலகத்தில் யார் வேண்டுமானாலும் தொட்டுப் பிரிக்கலாம் என்று வைக்கப் போகிறார்கள். முப்பத்தெட்டு பேர் என்பது ஒரு காலைப் பொழுதுக்குக் காணாது.

மார்ச் 9
வேறு கடைத் தாள். ஐம்பத்தொன்று.

மார்ச் 10
தெரிந்த விஷயம்தான். இந்த மடிப்பைத் தாங்குவது என் வீட்டுக்காரர் மரப்பட்டையில் காய்ச்சும் தாள் மட்டும். வீட்டுக்காரர் - இன்னும் கொஞ்ச நாளைக்கு. பதினாறு வருஷம் அவர் பின்னறையில் தாள் எடுத்தார், நான் முன்னறையில் மடித்தேன். எட்டு மாதமாக அவரும் அவர் தாள் எடுக்கும் தொட்டியும் அவர் தங்கை வீட்டில். எங்கள் பேச்செல்லாம் வக்கீல் வழியாக. வக்கீலிடம் போய்த் தாள் கேட்பதா?

மார்ச் 12
நாத்தனாருக்குப் போன் செய்தேன். "அண்ணி, உங்க ரெண்டு பேருக்கும் நடுவுல நிக்க எனக்குத் தெம்பில்ல. அண்ணன் இங்கதான் இருக்கு" என்றவள், நான் வேண்டாம் என்பதற்குள் போனைக் கைமாற்றிவிட்டாள்.

"எத்தனை தாள்?"

"நாப்பது."

"எதுக்கு?"

சொன்னேன்.

"நார் மடிப்போடயே ஓடணும். குறுக்க ஓடினா உடையும். பத்து நாள் ஆகும்." வைத்துவிட்டார்.

மார்ச் 23
கட்டு வந்தது. எண்ணினால் நாற்பத்தாறு. கடிதம் இல்லை. மேலே இருந்த ஆறு தாளில் பென்சிலால் 'சோதனைக்கு' என்று மட்டும்.

மார்ச் 26
இருநூறு வரை எண்ணினேன். பிறகு எண்ணுவதை விட்டுவிட்டேன்.

ஏப்ரல் 8
நூலகப் பொறுப்பாளர் அம்மா போனில், "பலகையில யார் பேரைப் போடறது?" என்றார். என் பெயரைச் சொன்னேன். வாய் பழகிப் போயிருக்கிறது.

அதற்கப்புறம் வேலை ஓடவில்லை. போன வருஷச் சண்டையே இதுதானே. எல்லாப் பலகையிலும் என் பேர். "அப்ப நான் யாரு, தாள் கடைக்காரனா?" என்று ஒரே ஒரு தடவை கேட்டார். தாள் யார் வேணா செய்வாங்க - நான்தான் சொன்னேன். கோபத்துல கூட இல்ல, சும்மா சொன்னேன். மறுவாரம் தொட்டியைக் கழற்றினார்.

ஏப்ரல் 9
காலையில் பொறுப்பாளர் அம்மாவைக் கூப்பிட்டேன். தாள் என்று வீட்டுக்காரர் பெயர், மடிப்பு என்று என் பெயர். அவர் பெயர் முதலில். "அச்சுக்குப் போயிடுச்சேம்மா" என்றார். நிறுத்துங்கள் என்றேன்.

ஏப்ரல் 20
திறப்பு. ஒரு சிறுமி இலையை இழுத்து இழுத்து விட்டுக்கொண்டிருந்தாள். அவர் வந்திருந்தார். புத்தகத்துக்கு முன் பலகையிடம் போனார்.

"எழுத்து சின்னதா இருக்கு."

"ரெண்டும் ஒரே அளவுதான்."

"பாத்தேன்."

"அன்னைக்கு நான் சொன்னது தப்பு" என்றேன். எது என்று அவர் கேட்கவில்லை. சிறுமி நகர்ந்ததும் ஒரு தடவை பிரித்துப் பார்த்தார்.

மே 15
கோர்ட்டில் பதினைந்து நிமிடம்தான் ஆனது. இருவரிடமும் விவாகரத்துத் தீர்ப்பின் நகல் ஆளுக்கொன்று கொடுத்தார்கள். வராந்தாவில் அவர் தன்னுடையதை வெளிச்சத்தில் பிடித்து, ஓரத்தைக் கட்டைவிரலால் நெருடினார்.

"வெறும் மரக்கூழ். பத்து வருஷத்துல மஞ்சளாயிடும்."

"நமக்கு அது போதும்."

சிரித்தார். நானும். பக்கத்தில் நின்ற வக்கீலுக்கு ஒன்றும் புரியவில்லை.

"அடுத்து என்ன பண்ணப் போற?"

"நத்தை ஓடு."

"அதுக்கு இந்த நார் ஒத்து வராது" என்றார். பஸ் நிறுத்தம் வரை அதையே பேசிக்கொண்டு போனோம். அவர் பஸ் முதலில் வந்தது.