பஃபே கல்யாணத்தில் பந்திப் பாட்டு

அன்பு மாப்பிள்ளை சண்முகவேலுக்கு, நீர் இல்லாத மேடையில் நின்று பாடித் தொண்டை கட்டிப்போன உம் மச்சான் எழுதுவது.

இதெல்லாம் இப்படித்தான் ஆகும் என்று நான் அன்றைக்கே சொன்னேன். இங்கே மும்பையில் மாட்டுங்கா கல்யாணம் ஒன்றில் முதன்முதலாக வாழை இலையை எடுத்துவிட்டு, தட்டைக் கையில் கொடுத்து ஜனத்தை வரிசையில் நிற்கவிட்டார்களே, அப்போதே உம் காதில் சொன்னேன். "மாப்ளே, பஃபே வந்துட்டுல்லா, இனி நம்ம குழுவுக்குக் கேடுதான்." நீர் கீபோர்டைத் துடைத்துக்கொண்டே சிரித்தீர். "சோத்துக்கும் பாட்டுக்கும் என்னவே சம்பந்தம்?" என்றீர். இப்போது கேளும், என்ன சம்பந்தம் என்று. இதை நம் சங்கத்து ஆண்டு மலரில் போடுகிறார்கள். ஊரும் சேர்ந்து கேட்கட்டும். நான் ஆறாம் வகுப்போடு நின்றவன். எழுத்துப் பிழை இருந்தால் அவர்கள் திருத்திக்கொள்ளட்டும், விஷயத்தில் பிழை கிடையாது.

நீர் போய்ச் சேர்ந்து ஒன்றரை வருஷம் ஆயிற்று. உம் மகள் சுதாதான் இப்போது இசைக்குழுவை நடத்துகிறாள். முலுண்டில் இருந்த ஆபீஸ் வேலையை விட்டுவிட்டு வந்து உம் கீபோர்டின் முன்னால் உட்கார்ந்துவிட்டாள். டிரம்ஸ், கிட்டார், தபலா என்று நம் ஆட்கள் ஐந்து பேர் வீட்டில் அடுப்பு எரிவது அவள் பிடிக்கிற கச்சேரியில்தான். பாடுவதற்கு நான். நான் இருக்கும்போது வேறு யார் வேண்டும்? போன கோயில் கொடைத் திருவிழாவில் நான் எடுத்த உச்சத்துக்கு, மாஹிம் ஸ்டேஷனில் லோக்கல் ரயில் ஒரு நிமிடம் கூடுதலாக நின்று கேட்டுவிட்டுப் போனது. டிரைவர் கையசைத்ததைப் பார்த்தவர்கள் தாராவியில் இருக்கிறார்கள்.

உம் காலத்தில் பாட்டு லிஸ்ட் எப்படி உருவாகும்? கல்யாணப் பத்திரிகையின் பின்பக்கத்தில் பென்சிலால் எழுதுவீர். முதலில் பிள்ளையார் பாட்டு, அடுத்து பெரியவர்களுக்கு ஒரு பழசு, பிறகு ஆட்டம். மண்டபத்துக்குள் நுழைந்து, வாசலில் கிடக்கிற செருப்பைப் பார்த்தே எந்த ஊர் ஜனம், எதற்கு ஆடும் என்று சொல்லிவிடுவீர். இப்போது மாப்பிள்ளையின் சிநேகிதர்கள் போனில் அனுப்புகிறார்கள். இருபத்திரண்டு பாட்டு. பாதி இந்தி, பாதி தமிழ், எல்லாம் இங்கிலீஷ் எழுத்தில். அதிலும் ஒவ்வொன்றுக்கும் ஒரு நிமிடம்தான். பல்லவி முடிவதற்குள் அடுத்தது. சரணம் என்று ஒன்று உண்டு என்பதாவது இவர்களுக்குத் தெரியுமா?

"மாமா, ஜனம் ரீல்ஸ் எடுக்கிற நீளத்துக்குதான் பாடணும்" என்றாள் உம் மகள்.

அந்த லிஸ்டில் பந்திப் பாட்டு இல்லை. அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. படிக்கிறவர்களுக்காகச் சொல்கிறேன். பந்தி போட்டதும் ஜனம் எழுந்து போய்விடும், காலி நாற்காலிதான் கேட்டுக்கொண்டிருக்கும். அந்த நேரத்தில் பாடுகிறவன் தனக்குப் பிடித்த ஒரு பாட்டைப் பாடிக்கொள்ளலாம் என்பது நீர் வைத்த வழக்கம். மற்றதெல்லாம் ஜனத்துக்கு, அது ஒன்று மட்டும் நமக்கு. நான் பாடுவது எப்போதும் அதே பழைய, மெதுவான பாட்டு. பெயரை எழுதமாட்டேன். எழுதினால் அதையும் டங்குடங்கென்று அடித்துக் கெடுத்துவிடுவார்கள். நான் பாட, நீர் கண்ணை மூடிக்கொண்டு வாசிப்பீர். அந்த ஐந்து நிமிடத்துக்காகத்தானே மாப்ளே, மீதி மூன்று மணி நேரமும் குதித்தோம்?

"பஃபேயில பந்தி எங்க மாமா இருக்கு? ஜனம் தட்டோட நம்ம முன்னாலயே நிக்கும். ஸ்லோ பாட்டு போட்டா மூட் போயிரும்" என்றாள் சுதா.

"அப்ப எனக்குன்னு ஒரு பாட்டு கிடையாதா?"

"இருபத்திரண்டும் நீங்க பாடுறதுதான மாமா. இன்னும் எத்தனை வேணும்?"

பேச்சைப் பார்த்தீரா? நான் விடவில்லை. உம் கடைசி ஆசையைச் சொன்னேன். அவள் ஆபீஸ் போயிருந்த ஒரு பகலில், ஆஸ்பத்திரிக் கட்டிலில் நீர் என் கையைப் பிடித்தது, மூக்கில் இருந்த குழாயை ஒதுக்கிவிட்டு, "மச்சான், என் பிள்ளை நடத்துத முதல் பெரிய கல்யாணத்துல அந்தப் பாட்ட நீரு பாடணும்வே" என்றது, பக்கத்தில் நின்ற நர்ஸம்மா தமிழ் தெரியாமலே அழுதது, எல்லாம் சொன்னேன். சுதா போனை எடுத்து, ஏழாவது இடத்தில் அந்தப் பாட்டைச் சேர்த்தாள். சேர்க்கும்போது புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

கல்யாணம் செம்பூர் மண்டபத்தில். பெண் நம் தாராவிப் பெண், மாப்பிள்ளை தாதர் பக்கத்து மராட்டிக் குடும்பம். இது நன்றாக நடந்தால் தை முதல் எல்லா முகூர்த்தமும் உங்களுக்கே என்று மண்டப மேனேஜர் சுதாவிடம் சொல்லியிருந்தார். ஆறு பாட்டு முடிவதற்குள் மண்டபமே ஆடியது. ஐயாயிரம் பேர் இருப்பார்கள். முந்நூறு பேர்தான் கொள்ளும் என்று சொல்கிறவர்களுக்கு எண்ணத் தெரியாது. எட்டாவது பாட்டுக்குப் பெண்ணும் மாப்பிள்ளையும் சேர்ந்து ஆடுவதாக ஏற்பாடு. ஒரு மாதமாகப் பழகியிருந்தார்கள். அதற்கு முந்தியது என் பாட்டு.

முதல் வரியை எடுத்தேன். பெண் வீட்டுப் பக்கம் ஒருவர் எழுந்தார். பிறகு ஒரு வரிசை எழுந்தது. அப்புறம் பெரியவர்கள், கைப்பிள்ளைக்காரிகள் என்று அத்தனை பேரும் எழுந்தார்கள். என் குரலுக்கு ஜனம் எழுந்து நின்று மரியாதை செய்கிறது என்று நினைத்தேன் மாப்ளே. கண் நிறைந்துவிட்டது. இன்னும் இரண்டு சுற்று இழுத்துப் பாடினேன்.

அவர்கள் கை கழுவப் போனார்கள்.

இருபது வருஷம் அந்தப் பாட்டைப் பந்தி நேரத்திலேயே போட்டோமே, அது கேட்டால் இலை போட்டாயிற்று என்று அவர்கள் காலுக்கே தெரிந்திருக்கிறது. "ஏட்டி, பந்திக்குப் பாடுதான். எந்திரி, முதப் பந்தியிலயே உக்காந்துருவோம்" என்று முன்வரிசை அத்தை ஒருத்தி மருமகளை இழுத்தது என் மைக்கிலேயே விழுந்தது.

சாப்பாட்டு மேசையில் மூடியே திறக்கவில்லை. சமையல்காரர் கரண்டியோடு வந்து மறிக்கிறார். மாப்பிள்ளை வீட்டார் கண்ணுக்குத் தெரிந்தது ஒன்றுதான். தம்பதி ஆட மேடை ஏறும் நேரத்தில் பெண் வீட்டார் கூண்டோடு வெளியேறுகிறார்கள்! மாப்பிள்ளையின் அப்பா முகம் கறுத்து, "ஹமாரா அப்மான் கர் ரஹே ஹோ?" என்றார். எங்களை அவமானப்படுத்துகிறீர்களா என்று. பெண்ணின் அப்பா ஆள் ஆளாக ஓடிக் கைகூப்பித் திரும்ப அழைத்தார். கீழே இருந்து மாப்பிள்ளையின் சிநேகிதர்கள், "அங்கிள், பஸ் கரோ! டிஜேகோ புலாவ்!" என்று கத்தினார்கள். ரிக்கார்டு போடுகிற டிஜேயைக் கூப்பிட வேண்டுமாம். என்னை நிறுத்தச் சொல்ல இவர்கள் யார்? சரணத்தை முடித்துவிட்டுத்தான் இறங்கினேன்.

எல்லோரும் திரும்பி வந்து உட்கார அரை மணி ஆயிற்று. கல்யாணப் பெண் ஆடவே இல்லை. கண் மை கன்னத்தில் வழிந்திருந்தது.

தை மாதத்துக்கு டிஜேயே போதும் என்று மேனேஜர் சுதாவிடம் சொல்லிவிட்டார். அவள் என் பெயரை எடுக்கவில்லை. "மேரே பப்பா கி ஆக்ரி இச்சா தீ, சார்" என்றாள். அப்பாவின் கடைசி ஆசை.

எனக்கு ஆத்திரம் அடங்கவில்லை. என் பாட்டைக் கேட்கிறார்கள் என்று நான் நம்பிய ஜனம் இருபது வருஷமாக சாம்பாருக்குக் காத்திருந்திருக்கிறது. பஃபேயைக் கண்டுபிடித்தவன் கையில் கிடைத்தால் அவன் தட்டாலேயே அடிப்பேன். உம்மையும் சும்மா விடமாட்டேன். ஏன்வே அந்தப் பாட்டைக் கொண்டுபோய்ப் பந்தியில் வைத்தீர்? ஆட்டத்துக்கு நடுவில் என் குரல் எடுபடாது என்று தெரிந்துதான் காலி நாற்காலிகளுக்கு முன்னால் பாடவிட்டீரா? ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே?

நேற்று ஒத்திகை. வரும் ஞாயிறு மாட்டுங்காவில் ஒரு நிச்சயதார்த்தம். கையில் இருப்பது அது ஒன்றுதான். தபலா இசக்கி மெதுவாக, "அந்தப் பாட்ட மட்டும் தூக்கிருவோமா தாயி?" என்று கேட்டான்.

"முடியாது அண்ணே" என்றாள் சுதா. "அன்னைக்குக் கெட்டுப்போச்சுல்லா? ஒரு தடவையாவது நல்லா நடக்கணும். அது வரைக்கும் எல்லா லிஸ்ட்டுலயும் இருக்கும்." பிறகு என் பக்கம் திரும்பி, "மாமா, நீங்க பாடுங்க. யாரு எந்திரிச்சுப் போனாலும் நான் வாசிப்பேன்" என்றாள். உம்மைப் போலவே கண்ணை மூடிக்கொண்டு தொடங்கினாள்.

நான் வாயைத் திறந்தேன். காற்றுதான் வந்தது.

ரயில் நின்றது, ஐயாயிரம் பேர், இதெல்லாம் கூடக்குறைய இருக்கும். அது உமக்குப் பழகியதுதான். ஆனால் ஆஸ்பத்திரியில் நீர் அப்படி எதுவும் சொல்லவில்லை. கையைப் பிடிக்கவில்லை. நர்ஸம்மா அழவில்லை. நான் அங்கே வரவே இல்லை மாப்ளே. அன்று பகல் முலுண்டில் ஒரு வளைகாப்பு மேடையில் நின்றேன். நீர்தான் கட்டிலில் இருந்து போன் போட்டீர். "என்ன பாட்டு ஓடுது மச்சான்?" என்றீர். ஏதோ ஒரு குத்துப்பாட்டு, பாட எரிச்சலா இருக்கு என்றேன். "ஜனம் ஆடுதா?" என்றீர். ஆடுது என்றேன். "அப்ப எதுக்குவே போன எடுத்தீரு? போயிப் பாடும்." நீர் என்னிடம் கடைசியாகச் சொன்னது அதுதான்.

சுதாவுக்குத் தமிழ் வாசிக்க வராது என்ற தைரியத்தில்தான் இதை எழுதத் தொடங்கினேன். அச்சுக்குக் கொடுக்கும் முன், அவள் எதிரில் உட்கார்ந்து நானே வாசித்துக் காட்டுகிறேன், இந்த இடத்தையும் விடாமல். அதன் பிறகும் அவள் மேடையில் எனக்கு இடம் கொடுத்தால், ஞாயிற்றுக்கிழமை அவள் போனில் இருக்கிறதைப் பாடுகிறேன், ஒரு நிமிடம் என்றால் ஒரு நிமிடம்.

இப்படிக்கு,
உம் பெண்டாட்டியின் அண்ணன், உம் மகளிடம் பொய் சொன்ன தாய்மாமன்,
பேச்சிமுத்து