கேதீஸுக்குத் தேத்தண்ணி மட்டும் குடுங்கோ

இஞ்சருங்கோ, நான் எட்டு மணி பஸ்ஸிலை கிளிநொச்சிக்குப் போறன். சோறும் மீன் குழம்பும் குசினியிலை மூடி வைச்சிருக்கிறன்.

பத்து மணிபோலை உங்கடை மச்சான் கேதீஸ் வருவான். தேத்தண்ணி குடுங்கோ, ஆனால் உங்கடை போனை அவன்ரை கையிலை குடுத்திடாதேங்கோ, அதாலையே காசை மாத்திப்போடுவான். டொலர் ஏறுது, பாங்க் வட்டி விழுது, தன்ரை கொம்பனியிலை போட்டால் ஆறு மாசத்திலை ரெண்டு மடங்காகும் எண்டு திரும்பவும் கதைப்பான். அவ்வளவு நல்லதெண்டால் ஏன் எங்களைத் தேடிக் கண்டாவளைக்கு ஓடி வாறான்?

நெல்லு வித்த காசு கிடக்கிற பாங்க் புத்தகத்தை அலுமாரிக்குள்ளை தேடாதேங்கோ. அது என்ரை பைக்குள்ளை. பாங்கிலை ஒரு வருச நிலையான வைப்பிலை போடப்போறன். வட்டி குறைவுதான், ஆனால் நித்திரை வரும். ரெண்டு பேரின்ரை பேரிலையும்தான் போடுவன், பயப்பிடாதேங்கோ. "உனக்கு ஒண்டும் விளங்காது" எண்டு நேற்றுச் சொன்னியள். சரி, விளங்காமலே இருக்கட்டும்.

கோழிக்குத் தவிடு போடுங்கோ.

வசந்தமலர்

பி.கு: நேற்றைய கோவத்திலை இதைச் சொல்லேல்லை. வெள்ளிக்கிழமை கோயிலிலை கேதீஸின்ரை மனிசியைக் கண்டனான். சீலைத் தலைப்பாலை கழுத்தை மூடிக்கொண்டு நிண்டவள். கும்பிடக் கையைத் தூக்கேக்கை தலைப்பு விலகிச்சுது. ஏழு பவுண் தாலிக்கொடி கிடந்த கழுத்திலை இப்ப வெறும் மஞ்சள் கயிறு.